கப்பல் மூழ்கிய பிறகும் இன்ஜினியர்: ஜார்ஜ் மெல்வில்

கொதிகலன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நம் கடல் வரலாறு பகுதியில் கேப்டன்களுக்கும் மாலுமிகளுக்கும் எத்தனையோ இழைகள் இருக்கின்றன. இன்ஜின் ரூம் ஆட்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. 28 வருடம் இன்ஜின் ரூமிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. அதனால் நானே ஒன்றைத் தொடங்குகிறேன்.

ஜார்ஜ் வாலஸ் மெல்வில். 1841 ஜனவரி 10 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வழிக் குடும்பம். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் மூன்றாம் நிலை உதவி இன்ஜினியராக அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1864-ல் பிரேசிலின் பாஹியா துறைமுகத்தில், எதிர்த் தரப்பின் ‘ஃபுளோரிடா’ கப்பலை ‘வாச்சுசெட்’ கப்பல் பிடித்தபோது வாச்சுசெட்டில் இருந்தார். 1873-ல் வடதுருவம் நோக்கிப் போன ‘போலாரிஸ்’ பயணத்தில் சிக்கியவர்களைத் தேடப் புறப்பட்ட ‘டைக்ரஸ்’ கப்பலுக்குத் தானே முன்வந்து இன்ஜினியராகப் போனார். வடதுருவப் பனியை முதலில் பார்த்தது அப்போதுதான். ஒருமுறை பார்த்தவர் அதை விடவில்லை.

பெரும் கதை 1879-ல் தொடங்குகிறது. ‘நியூயார்க் ஹெரால்டு’ பத்திரிகை முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட் ‘பண்டோரா’ என்ற பழைய பிரிட்டிஷ் கப்பலை வாங்கி, தன் தங்கை பெயரில் ‘ஜெனெட்’ ஆக்கி, வடதுருவத்துக்கு அனுப்பினார். தலைவர் லெப்டினன்ட் டி லாங். இன்ஜினியர் மெல்வில். மொத்தம் 33 பேர். ஜூலை 8 அன்று சான் பிரான்சிஸ்கோவை விட்டார்கள். பெரிங் ஜலசந்தி வழியாகப் போகும் வெதுவெதுப்பான நீரோட்டம் பனியை உடைத்து வழி விடும், அதற்கப்பால் உறையாத கடல் இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. நம்பிக்கை பொய்த்தது. செப்டம்பர் தொடக்கத்திலேயே ஹெரால்டு தீவுக்கு அருகே பனி கப்பலைக் கவ்வியது. அதற்கப்புறம் 21 மாதம் விடவே இல்லை.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். இவரைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய புத்தகம் எழுதியது:

அருமையான தொடக்கம் ஐயா. அந்தக் காலத்தில் கடற்படை இன்ஜினியருக்கு என்ன மரியாதை இருந்தது என்பதையும் சொல்லிவிட்டால் மெல்வில் கதையின் கனம் புரியும்.

இவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர் பெஞ்சமின் இஷர்வுட். 1861 முதல் 1869 வரை அந்தக் கடற்படையின் தலைமை இன்ஜினியர். நீராவி இன்ஜின்களைச் சோதனை செய்து 1863-லும் 1865-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதியவர். அவர் வடிவமைத்த இன்ஜினோடு ‘வாம்பனோக்’ என்ற கப்பல் 1868 பிப்ரவரியில் சோதனை ஓட்டத்துக்குப் போனது. கடும் கடலில் 38 மணி நேரம், சராசரி வேகம் 16 நாட்டுக்கும் மேல் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). உச்சத்தில் 17.75 நாட். அன்று உலகத்தில் எந்தப் போர்க்கப்பலும் அந்த வேகத்தைத் தொடவில்லை. அதற்கு என்ன பரிசு கிடைத்தது தெரியுமா? மறு வருடமே பாய்மர அதிகாரிகள் கூடிய ஒரு குழு, இந்தக் கப்பல் கடற்படைக்கு உதவாது என்று எழுதி ஒதுக்கிவிட்டது. இஷர்வுட் பதவியும் போனது.

மெல்வில் வளர்ந்தது அந்தச் சூழலில். கப்பலை நடத்துபவன் டெக்கில் நிற்பவன், கீழே கரி தள்ளுபவர்களைக் கவனித்துக்கொள்பவன் இன்ஜினியர், அவ்வளவுதான். எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் டெக் அதிகாரிக்கு அவன் கட்டளை இட முடியாது.

---

சுக்கான் எழுதியது:

நான் டெக் பக்கத்து ஆள். சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருந்தேன். மேல் தளமும் கீழ்த் தளமும் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான் என்று என் காலத்திலும் சொல்வார்கள். ஆனால் ஒரு சந்தேகம் ஐயா. கப்பல் பனியில் சிக்கி 21 மாதம் அசையாமல் கிடந்தது என்றால் இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை?

---

கொதிகலன் எழுதியது:

சுக்கான் சார், அந்த 21 மாதத்தில்தான் அவருக்கு வேலையே.

முதல் வேலை தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பனி. உருக்கிக் குடிக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் கடல்நீர் உறையும்போது உப்புக் கரைசல் பனிக்குள்ளேயே சின்னச் சின்ன அறைகளில் மாட்டிக்கொள்கிறது. புதுப் பனியை உருக்கினால் உப்புக் கரிக்கும். கப்பல் மருத்துவர் ஆம்ப்ளர் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். உப்பு இருந்தால் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெண்மையாகத் திரியும். திரிந்தது. மேலே விழுந்திருந்த வெண்பனியை வழித்து எடுத்தாலும் அதிலும் உப்பு. எனவே மெல்வில் காய்ச்சி வடிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். கரி தீரத் தீரத் திரும்ப வாங்க வழியில்லாத இடத்தில், குடிநீருக்காகக் கரியை எரிப்பது என்று டி லாங் முடிவெடுத்தார். அன்றைய வடதுருவப் பயணங்களில் ஆட்களைக் கொன்று குவித்தது ஸ்கர்வி, வைட்டமின் சி குறைவால் வரும் நோய். இந்தக் கப்பலில் இரண்டு குளிர்காலம் கழிந்தும் அந்த நோய் பரவவில்லை. அதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான் என்று அவர்கள் நம்பினார்கள். வைட்டமின் என்ற சொல்லே அப்போது கிடையாது. தண்ணீர் மட்டும் ஸ்கர்வியைத் தடுக்காது, புதிதாக வேட்டையாடிய சீல், கரடி இறைச்சிக்கும் அதில் பங்குண்டு என்று இன்று சொல்லலாம். ஆனால் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அந்த 33 பேரும் இரண்டு வருடம் திடமாக இருந்திருக்க முடியாது.

இந்த இடத்தைப் படித்தபோது என் கை நடுங்கியது. ஏன் என்று சொல்கிறேன். நான் ஐந்தாம் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் கப்பலில் என் காலை வேலை பாய்லர் தண்ணீரைச் சோதிப்பது. கண்ணாடிக் குழாயில் மாதிரியை எடுத்து, பொட்டாசியம் குரோமேட் விட்டால் எலுமிச்சை மஞ்சள் ஆகும். அதில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செங்கல் நிறத்துக்கு மாறும் வரை எத்தனை சொட்டு போனது என்று எண்ணினால் குளோரைடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு நாள் காலை விட்டுக்கொண்டே இருக்கிறேன், மஞ்சள் மாறவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு செகண்ட் இன்ஜினியரிடம் ஓடினேன். நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் குழாய் ஒன்று ஓட்டை. கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பாய்லர் போயிருக்கும். பனிக்குள் ஆம்ப்ளர் கையில் இருந்த அதே மருந்து, நூறு வருடம் கழித்து என் கையிலும் இருந்திருக்கிறது.

இரண்டாவது வேலை பம்பு. 1880 ஜனவரி 19 அன்று பனி நெருக்கியதில் முன்பக்கம் பிளந்து தண்ணீர் புகுந்தது. பாதரசம் உறையும் அளவுக்குக் குளிர். உள்ளே வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே உறைகிறது. ஆட்கள் கைப்பம்பை அடித்துக்கொண்டிருக்க, மெல்வில் நீராவி எழுப்பி நீராவிப் பம்பை ஓட்டினார். லீ என்ற மெக்கானிக் முழங்கால் அளவு பனித்தண்ணீரில் நின்று வேலை பார்த்தார். தச்சர் ஸ்வீட்மனும் நிண்டெமனும் முன் அறையில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கப்பல் தப்பியது. ஆனால் கசிவு நிற்கவில்லை. நாள் முழுக்கப் பம்பு ஓட வேண்டும், கரியோ குறைகிறது. மெல்வில் டெக்கின் மேல் ஒரு காற்றாலையைக் கட்டி அதைப் பம்போடு இணைத்துவிட்டார். காற்று அடிக்கும்போது கரி மிச்சம்.

இது எனக்கு மிகவும் பிடித்த இடம். காற்றாலை ஒன்றும் அவர் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் கரிக்கணக்கைத் தினமும் பார்க்கிறவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

---

நெய்தல் எழுதியது:

எனக்குக் கப்பல் தெரியாது, கதை மட்டும் தெரிந்துகொள்ள வந்தேன். எடிசன் விளக்குகளும் அந்தக் கப்பலில் போனதாக எங்கோ படித்த நினைவு. உண்மையா அண்ணா?

---

கொதிகலன் எழுதியது:

உண்மைதான் தங்கச்சி. நீண்ட துருவ இரவைப் பகலாக்கலாம் என்று ஆசைப்பட்டு எடிசனிடமிருந்து மின்விளக்குக் கருவி வாங்கிப் போனார்கள். மெல்வில் எவ்வளவோ பாடுபட்டும் அது எரியவில்லை. அதற்காகக் கொண்டுபோன சிறிய பாய்லர் வேறு வேலைகளுக்குப் பயன்பட்டது.

சரி, கதையின் பெரிய திருப்பத்துக்கு வருகிறேன்.

1881 மே மாதம் இரண்டு புதுத் தீவுகள் தெரிந்தன. ஒன்றுக்கு ஜெனெட், இன்னொன்றுக்கு ஹென்ரியெட்டா என்று பெயர் வைத்தார்கள். ஹென்ரியெட்டா தீவுக்குச் சறுக்கு வண்டியோடு ஆட்களை நடத்திப் போய்க் கொடி நட்டவர் மெல்வில். ஜூன் 12 அன்று பனி கப்பலை நசுக்கியது. மறுநாள் விடிகாலையில் அது மூழ்கியது. இன்ஜின், பாய்லர், பம்பு எல்லாம் கடலுக்கடியில். 33 பேர், மூன்று படகு, நாய்கள், உணவு. சைபீரியக் கரையை நோக்கிப் பனிமேல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். படகை இழுக்கும் வேலையில் ஆட்களை முன்னால் நின்று நடத்தியவர் இவர்.

படகுகளுக்குத் தலைவர்களைப் பிரிக்கும் நேரம் வந்தது. முதல் படகு டி லாங்குடையது. இரண்டாவது லெப்டினன்ட் சிப்புடையது. மூன்றாவது திமிங்கலப் படகு. வரிசைப்படி அது டெக் அதிகாரியான டானன்ஹவருக்குப் போக வேண்டும். அவருக்கோ கடும் கண் நோய். ஆம்ப்ளர் பலமுறை அறுவை செய்திருந்தார். மாதக்கணக்கில் இருட்டறையில் கிடந்தவர். டி லாங் அந்தப் படகை மெல்விலிடம் எழுத்து மூலமான ஆணையோடு ஒப்படைத்தார். டானன்ஹவர் ஒத்துக்கொள்ளவில்லை, முறையிட்டார். டி லாங் மாற்றவில்லை.

பழைய புத்தகம் சார் மேலே எழுதியதை இப்போது திரும்ப ஒருமுறை படியுங்கள். டெக் அதிகாரிக்குக் கட்டளை இட முடியாத இன்ஜினியர், டெக் அதிகாரி உட்கார்ந்திருக்கும் படகுக்குத் தலைவர்.

---

சுக்கான் எழுதியது:

இங்கேதான் நான் கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது. நானும் இரண்டு நாளாக இதைத் தேடிப் படித்தேன்.

செப்டம்பர் 12 அன்று மூன்று படகுகளும் சைபீரியாவுக்கு வடக்கே இருந்த செமனோவ்ஸ்கி தீவை விட்டுப் புறப்பட்டன. மாலையில் புயல். இரவில் ஒன்றை ஒன்று பிரிந்தன. சிப்பின் படகும் அதிலிருந்த 8 பேரும் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. மெல்வில் படகு தப்பியது எப்படி? கூடாரக் கம்புகளைக் கட்டி, அதில் கித்தானை விரித்து, கனத்துக்கு இரும்பைக் கோத்து ஒரு கடல் நங்கூரம் செய்தார்கள். அதைக் கடலில் விட்டால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இது டெக் ஆளின் வித்தை. அந்த நேரத்தில் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பும் கணத்தைப் பார்த்துச் சொன்னவர் டானன்ஹவர்தான். அலைகளுக்கு நடுவே சரியான இடைவெளி பார்த்துத் திருப்பாவிட்டால் படகு கவிழும். நான் உயிர்காப்புப் படகுப் பயிற்சியில் நல்ல வானிலையிலேயே அதைச் செய்து தடுமாறியிருக்கிறேன். கண் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் 11 உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். பெயர் மட்டும் மெல்விலுக்குப் போவது நியாயமா?

---

கொதிகலன் எழுதியது:

சுக்கான் சார், நீங்கள் சொன்ன தொழில் நுணுக்கத்தை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்கிறேன். டானன்ஹவரின் கடலறிவு இல்லாமல் அந்த இரவு கழிந்திருக்காது.

ஆனால் மெல்வில் அங்கே செய்ததைப் பாருங்கள். தலைமை தன்னிடம் இருந்தும், தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விட்டார். தன் மேல் மனக்கசப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், புயலுக்கு நடுவில். நான் செகண்ட் ஆக இருந்தபோது இந்தப் பண்பு இல்லாத ஒரு சீஃபிடம் வேலை செய்திருக்கிறேன். தனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டே ஒரு நல்ல ஜெனரேட்டரைக் கெடுத்தார். அதனால்தான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

---

பழைய புத்தகம் எழுதியது:

கரையேறிய பிறகு நடந்ததுதான் இன்றுவரை விவாதத்துக்கு உரியது. அதைத் தவிர்க்காமல் பேசுவோம்.

மெல்வில் படகின் 11 பேரும் சைபீரியாவின் லேனா நதி முகத்துவாரத்தின் கிழக்குப் பக்கம் கரையேறி, சில நாட்களில் உள்ளூர் மக்களைச் சந்தித்து ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டி லாங்கின் 14 பேரும் அதே நேரத்தில் அதே முகத்துவாரத்தின் வடக்குப் பக்கம் இறங்கியிருந்தார்கள், ஆளே இல்லாத இடத்தில். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அக்டோபர் 9 அன்று டி லாங் தன் ஆட்களில் நிண்டெமன், நோரோஸ் இருவரையும் உதவி தேடி முன்னால் அனுப்பினார். அந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டினியில் போனார்கள். டி லாங்கின் நாட்குறிப்பில் கடைசிப் பதிவு அக்டோபர் 30.

அப்படியானால், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்க மெல்வில் ஏன் தேடிப் போகவில்லை? நாடு திரும்பியதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பத்திரிகையாளராகப் போய் டி லாங்கோடு இறந்த ஜெரோம் காலின்ஸின் குடும்பம் விடவில்லை. கடற்படை விசாரணை ஒன்று, பிறகு 1884-ல் நாடாளுமன்ற விசாரணை ஒன்று. இரண்டிலும் அவர்மேல் குற்றம் நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

---

நெய்தல் எழுதியது:

படிக்கவே வயிறு கலங்குகிறது. அவரால் போயிருக்க முடியுமா, முடியாதா? உங்கள் இருவர் கருத்தையும் சொல்லுங்கள்.

---

பழைய புத்தகம் எழுதியது:

அம்மா, லேனா முகத்துவாரம் வரைபடத்தில் ஒரு விசிறி மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கான கிளைகள், தீவுகள், சேறு. அக்டோபர் என்பது அங்கே பொல்லாத மாதம். ஆற்றில் பனி மிதக்கும், படகு போகாது. ஆனால் நாய் வண்டி போகும் அளவுக்கு உறைந்தும் இருக்காது. கூட இருந்தவர்கள் பாதிப்பேருக்குக் கால் குளிரில் வெந்து போயிருந்தது, மெல்விலுக்கும்தான். ஆட்களின் பாஷை தெரியாது. குஸ்மா என்ற நாடு கடத்தப்பட்ட ரஷ்யர் ஒருவர் புலுன் ஊருக்குச் செய்தி கொண்டுபோகக் கிளம்பி, திரும்பி வரும்போதுதான் நிண்டெமன், நோரோஸ் எழுதிய கடிதம் வந்தது. டி லாங் எங்கே இறங்கினார் என்ற முதல் தகவலே அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: அக்டோபர் நடுவில் டானன்ஹவர் ஒரு தேடல் முயற்சி செய்து பார்த்தார், பனி திருப்பி அனுப்பியது. முயற்சிகூட நடக்கவில்லை என்பது பொய்.

---

கொதிகலன் எழுதியது:

என் கருத்து சுருக்கமானது. கடிதம் கிடைத்த பிறகு அவர் செய்ததை வைத்துத்தான் நான் அவரை எடை போடுகிறேன்.

கால் வீக்கம் வடியவில்லை. புலுனில் நிண்டெமனையும் நோரோஸையும் பார்த்து, வழியை விசாரித்து, நவம்பர் தொடக்கத்தில் நாய் வண்டிகளோடு அந்த விசிறிக்குள் நுழைந்தார். சூரியன் ஏறக்குறைய போய்விட்ட மாதம். கெட்டுப்போன மீனும் மான் எலும்பும் சாப்பாடு. டி லாங் குழு தங்கிப் போன குடிசைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அங்கே விட்டிருந்த சீட்டுகளைப் படித்து, கடற்கரை வரை போய் அவர்கள் புதைத்துவைத்திருந்த லாக் புக்குகளையும் கருவிகளையும் தோண்டி எடுத்தார். ஆட்கள் கிடைக்கவில்லை. சாப்பாடு தீர்ந்து திரும்பினார்.

குழுவில் பெரும்பாலோரை அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார். தானும் போயிருக்கலாம். போகவில்லை. நிண்டெமன், பார்ட்லெட் இருவரையும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க மீன் சேகரித்து, வண்டிகள் சேர்த்து, மறுபடி கிளம்பினார். 1882 மார்ச் 23 அன்று ஆற்றோரத்தில் பனிக்கு மேலே நான்கு கம்புகள் தெரிந்தன. கொஞ்ச தூரம் தள்ளிப் போனவர் ஒரு கெட்டிலைக் கண்டார். அதை எடுக்கக் குனிந்தவர் பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையைப் பார்த்தார். அது டி லாங்கின் கை. பக்கத்திலேயே ஆம்ப்ளர், சமையல்காரர் ஆ சாம். டி லாங்குக்குப் பின்னால் சில அடி தள்ளி நாட்குறிப்பு கிடந்தது. நெருப்பில் விழாமல் இருக்கக் கடைசி நேரத்தில் தோளுக்குப் பின்னால் வீசியிருக்க வேண்டும் என்று மெல்வில் ஊகித்தார்.

வெள்ளம் வந்தால் அடித்துப் போகாத உயரமான குன்றின்மேல் கிடைத்த உடல்களை எல்லாம் வைத்து, கல் குவித்து, மேலே ஒரு பெரிய மரச் சிலுவை நட்டார். அதன்பிறகும் சிப்பின் படகைத் தேடிக் கடற்கரையோரம் அலைந்தார். அது கிடைக்கவில்லை.

33 பேரில் 20 பேர் போய்விட்டார்கள். திரும்பிய 13 பேரில் 11 பேர் இவர் படகு.

---

நெய்தல் எழுதியது:

ஆ சாம் என்ற பெயரில் நின்றுவிட்டேன். சீனரா?

---

பழைய புத்தகம் எழுதியது:

ஆமாம் அம்மா. சான் பிரான்சிஸ்கோவில் சேர்ந்தவர். இன்னொரு சீனர் சார்லஸ் டாங் சிங், பரிமாறுபவர், மெல்வில் படகில் வந்து பிழைத்தார். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1882 மே மாதம். அதாவது டி லாங்குக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்த ஆ சாமை மெல்வில் கண்டெடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

---

சுக்கான் எழுதியது:

கொதிகலன் ஐயா, நான் முன்பு சொன்னதைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். மார்ச் மாதத் தேடல் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. அவர் எழுதிய புத்தகம் படிக்கும்படி இருக்குமா?

---

கொதிகலன் எழுதியது:

கட்டாயம் படியுங்கள் சார். ‘லேனா டெல்டாவில்’ என்று பொருள்படும் தலைப்பு. 1885-ல் பாஸ்டனில் அச்சேறியது. அந்தக் காலத்துப் பயண நூல்களில் நிறைய அலங்காரம் இருக்கும். இவர் எழுத்தில் ஒரு மெக்கானிக்கின் கண் இருக்கிறது. அந்தப் பகுதியின் யாகூத் மக்கள் மீன் வலையைப் பனிக்கு அடியில் எப்படி விடுகிறார்கள், வண்டியின் சறுக்குக் கட்டைக்கு எப்படிப் பனிப் பூச்சு ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் நின்று பார்த்து எழுதுகிறார். சில இடங்களில் அந்த மக்களைப் பற்றி அவர் பேசும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் தந்த மீனில்தான் 11 பேரும் உயிர் பிழைத்தார்கள். அதை இன்னும் மனம் திறந்து சொல்லியிருக்கலாம்.

புத்தகத்தின் பின்பகுதியில் இன்னொரு பயணமும் வருகிறது. 1884-ல், வடதுருவப் பகுதியில் சிக்கிக்கொண்ட கிரீலி என்ற அமெரிக்க அதிகாரியின் குழுவைத் தேடிப் போன ‘தீட்டிஸ்’ கப்பலுக்கும் இவரே இன்ஜினியர். கேப் சபைனில் 25 பேரில் 7 பேரை உயிரோடு எடுத்தார்கள், ஒருவர் பிறகு இறந்தார். அதோடு நிற்காமல், வடதுருவத்தை அடைய ஃபிரான்ஸ் ஜோசப் நிலம் வழியாகப் போகலாம் என்று ஒரு திட்டமும் எழுதி முடிக்கிறார். அத்தனைக்குப் பிறகும்!

---

பழைய புத்தகம் எழுதியது:

நூலுக்குப் பின்னான வாழ்க்கையை நான் சொல்லிவிடுகிறேன், ஐயா திருத்தட்டும்.

1887-ல் ஜனாதிபதி கிளீவ்லண்ட், மூத்தவர்கள் பலர் இருக்க, இவரைக் கடற்படையின் தலைமை இன்ஜினியர் ஆக்கினார். 1903 ஜனவரியில் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. அமெரிக்கக் கடற்படை மரத்திலிருந்து எஃகுக்கு மாறிய காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களின் இயந்திரங்கள் அவர் மேற்பார்வையில் உருவாயின. ‘கொலம்பியா’, ‘மினியாபொலிஸ்’ என்ற இரு கப்பல்களுக்கு மூன்று ப்ரொப்பல்லர் வைத்தார். 1894 சோதனையில் மினியாபொலிஸ் 23 நாட் வேகத்தைத் தாண்டியது. இஷர்வுட்டை ஒதுக்கி 25 வருடம் கழித்து ஒரு பதில்.

---

கொதிகலன் எழுதியது:

இதில் பாய்லர் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஸ்காட்ச் பாய்லரில் நெருப்பின் புகை குழாய்க்குள் போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்திருக்கும். டன் கணக்கில் தண்ணீர். சூடேற மணிக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் தகடு விரியும். வாட்டர் டியூப் பாய்லரில் அது தலைகீழ். தண்ணீர் குழாய்க்குள், நெருப்பு வெளியே. சீக்கிரம் நீராவி எழும், அழுத்தமும் அதிகம் தாங்கும். மெல்வில் அதை அமெரிக்கக் கடற்படைக்குள் கொண்டுவந்தார். அதன் பலவீனம் ஒன்றுதான்: தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்குள் உப்புப் படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உலோகம் பழுத்து வெடிக்கும்.

மறுபடியும் தண்ணீர்! பனிக்குள் காய்ச்சி வடித்த மனிதர் இங்கேயும் அதையே பிடித்துக்கொண்டார். 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தபோது, போர்க்கப்பல்களோடு கூடவே போகும் மிதக்கும் பட்டறை ஒன்று வேண்டும், கடல்நீரைக் காய்ச்சி நல்ல தண்ணீர் தரும் கப்பல் ஒன்று வேண்டும் என்று கேட்டவர் இவர். ‘வல்கன்’ என்ற பட்டறைக் கப்பல் கியூபாவுக்கே போய், கப்பல்களை அங்கேயே பழுது பார்த்தது.

அதே வருடம் ‘ஓரிகன்’ கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தென் அமெரிக்காவைச் சுற்றி ஃபுளோரிடாவுக்கு 66 நாளில் வந்தது, சுமார் 14,000 கடல் மைல். அதன் சீஃப் இன்ஜினியர் மில்லிகன், பாய்லருக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரும் போகக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். நல்ல தண்ணீர் பாய்லருக்குப் போனது, குடிப்பதற்கு அளவு வைத்தார்கள். கப்பல் வந்த வேகத்திலேயே போருக்குப் போனது. அது இன்ஜின் ரூமின் வெற்றி என்று நாடே பேசியது. மறு வருடம், 1899 மார்ச் 3 அன்று, இன்ஜினியர்களையும் டெக் அதிகாரிகளையும் ஒரே பிரிவாக இணைக்கும் சட்டம் வந்தது. மெல்வில் ரியர் அட்மிரல் ஆனார். சுக்கான் சார், ஒரு திமிங்கலப் படகில் இரண்டு பேருக்கு நடுவே நடந்த வழக்கு 18 வருடம் கழித்து இப்படித் தீர்ந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

சுக்கான் எழுதியது:

அப்படிச் சொன்னால் நானும் ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இருந்தாலும் அவர் தப்பே செய்யாதவர் இல்லையே. 1901-ல் ஒரு பத்திரிகையில், மனிதன் இயந்திரத்தில் பறப்பது வெறும் கற்பனை என்ற அளவில் எழுதியிருக்கிறார். இரண்டே வருடத்தில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்.

---

கொதிகலன் எழுதியது:

எழுதினார். தவறுதான். நீராவியில் ஊறியவர், ஒரு குதிரைத் திறனுக்கு எத்தனை எடை என்ற கணக்கை அன்று தனக்குத் தெரிந்த இயந்திரங்களை வைத்துப் போட்டார். அந்தக் கணக்கில் எதுவும் பறக்காது. பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் இளைக்கும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கு சரியாக வந்தது. நீராவியால் சுழலும் டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் சிக்கனம், ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் சிக்கனம். இரண்டையும் நேரடியாக இணைத்தால் இரண்டுக்கும் நஷ்டம். நடுவே வேகம் குறைக்கும் பல்சக்கரம் வேண்டும் என்று மெல்விலும் மக்கால்பைன் என்ற இன்ஜினியரும் சொன்னார்கள். தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் பணம் போட்டார். 1909-ல் சோதனை செய்து காட்டினார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன கிழவர்! நான் ஒரு டர்பைன் டாங்கரில் இரண்டு ஒப்பந்தம் வேலை செய்தேன். அதன் கியர் பெட்டியைத் திறந்து பார்க்கும் நாளில் சட்டைப் பையில் பேனாகூட வைத்திருக்கக் கூடாது, விழுந்தால் எல்லாம் போச்சு. அந்தப் பற்களின் மினுமினுப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

1912 மார்ச் 17 அன்று பிலடெல்பியாவில் இறந்தார்.

---

பழைய புத்தகம் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. 1884-ல் ஜெனெட்டின் சில பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. சைபீரியாவுக்கு வடக்கே மூழ்கியவை துருவத்தைத் தாண்டி மிதந்து வந்திருக்கின்றன. நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென் தன் ‘ஃபிராம்’ கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவிட்டு மிதக்கப் போனது அந்தத் தடயத்தை நம்பித்தான். மெல்விலும் பின்னாளில் பிரையன்ட் என்பவரோடு சேர்ந்து, அலாஸ்காவுக்கு வடக்கே பனிமேல் பீப்பாய்களை விடச் செய்து, அந்த நீரோட்டத்தைச் சோதித்தார். மெல்வில் பெயரைத் தாங்கிய ஆய்வுக் கப்பல் ஒன்றும் 1969-லிருந்து 2014 வரை கடல்களை அளந்தது.

---

இளங்கடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்தேனே தவிர எழுதியதில்லை. இப்போது சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறோம், சிக்னல் கிடைக்கிறது. நான் ஐந்தாம் இன்ஜினியர், சேர்ந்து ஏழு வாரம். நாளை காலை எட்டு மணிக்கு பாய்லர் தண்ணீர் சோதனை என் முறை. இதுவரை அதை ஒரு கடமையாகத்தான் செய்து ஷீட்டில் எண்ணை எழுதினேன். இனி அப்படிச் செய்ய முடியாது போலிருக்கிறது கொதிகலன் சார்.

---

கொதிகலன் எழுதியது:

தம்பி, சாம்பிளை நன்றாக ஆறவிட்டு எடுங்கள். சூடாக இருந்தால் அளவு தவறும். எடுக்கும் முன் குழாயை இரண்டு நிமிஷம் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் லைனில் தேங்கின பழைய தண்ணீரைத்தான் சோதிப்பீர்கள். சில்வர் நைட்ரேட் பாட்டிலைப் பழுப்புக் கண்ணாடியிலேயே வைத்திருங்கள், வெளிச்சம் பட்டால் கெடும். கையில் பட்டால் கறுப்புக் கறை ஒரு வாரம் போகாது, கையுறை போடுங்கள். நேற்று எண்ணையும் நாளை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளோரைடு எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.